சிட்னி ஓபரா ஹவுஸ்: வெளியே நின்று பார்த்தால் போதுமா, ஒரு மணி நேரச் சுற்றா, கச்சேரியா?

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டுப் பிள்ளைகள் சிட்னியில் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு வீடாவது பூட்டிக் கிடக்கும். அம்மாவும் அப்பாவும் பேரப்பிள்ளையைப் பார்க்க விசா எடுத்துப் போயிருப்பார்கள். கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் வந்து உட்கார்ந்து, குளிர் எப்படி, மாத்திரைச் சீட்டு எத்தனை நகல் வேண்டும், கருப்பட்டி கொண்டுபோகலாமா என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு, கடைசியாக ஒரு கேள்வி வரும்: "டீச்சர், அந்த ஓபரா ஹவுஸ் இருக்குல்லா, அத வெளியில நின்னு பாத்தாப் போதுமா, துட்டு குடுத்து உள்ள போணுமா?"

சிட்னித் துறைமுகத்தின் ஓரத்தில் வெள்ளைக் கூரைகளோடு நிற்கிற இசை அரங்குக் கட்டடத்தைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் இந்தக் கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தது. அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் பழைய மாணவிக்குத்தான் சிக்கல் அதிகம். மாமனார் கோயில் கொடையில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்கிறவர். மாமியாருக்கு முட்டுவலி. கூட ஆறு வயசுப் பையன். போகிற ஒரே நாளில் மூன்று பேரையும் எங்கே கூட்டிப் போவது? வள்ளியூர்த் தம்பதிக்குப் பணக் கணக்கு. இன்னொருவர் இங்கிலீஷ் தெரியாமல் உள்ளே போய் என்ன பிரயோஜனம் என்று கேட்டார்.

நான் இரண்டு முறை என் மகள் வீட்டுக்குப் போனேன், இரண்டு முறையும் அம்மாவோடு. அம்மாவுக்கு இப்போது 78 வயது. முதல் முறை வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டாவது முறை ஒரு மணி நேரச் சுற்றுக்குப் போனோம், பத்து நாள் கழித்து ஒரு கச்சேரிக்கும் போனோம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் முட்டு. அந்தக் கட்டடம் முழுக்கப் படிகள்தான். குறுக்குத்துறையில் ஆற்றுக்கு இறங்கும் படிகளில் கம்பியைப் பிடிக்காமல் இறங்கி ஏற முடிகிறவரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மொழி. சுற்றிக் காட்டுகிறவர்கள் இங்கிலீஷில் பேசுவார்கள். வேறு சில மொழிகளிலும் சுற்று உண்டு, தமிழில் இல்லை. கச்சேரிக்கு மொழி வேண்டாம்.

மூன்றாவது பணம். டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள், அந்த ஒரு நாளுக்கு மொத்தம் என்ன ஆகும் என்று பாருங்கள். ரயில், சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக மகனோ மகளோ வேலைக்குப் போடுகிற லீவு. அந்த லீவுதான் பெரிய செலவு. அதை நம் ஆட்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

நான்காவது, ஊருக்குத் திரும்பி வந்த பிறகு உங்களிடம் என்ன மிஞ்சும் என்பது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சின்ன வயசில் நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். பெரிய தூணைச் சுற்றிச் சின்னத் தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியது. எனக்கு அது மற்ற மண்டபங்களைப் போல ஒரு மண்டபம், அவ்வளவுதான். ஒரு நாள் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் காதைத் தூணோடு வைக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு தூணை விரல் கணுவால் லேசாகத் தட்டினார். கல்லுக்குள்ளிருந்து சுரம் வந்தது. அடுத்த தூணில் வேறு சுரம். (யாரும் போய்த் தட்டாதீர்கள், கல் தேய்ந்துவிடும்.) அன்றிலிருந்து அந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலே எனக்குக் காது திறந்துகொள்ளும். கல் முன்பிருந்த அதே கல்தான். சொல்லிக்காட்ட ஒருவர் வந்தார், அதுதான் வித்தியாசம். ஓபரா ஹவுஸுக்கு உள்ளே போவதா வேண்டாமா என்பதை நான் இதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

## வெளியே சுற்றிப் பார்ப்பது

காசு கிடையாது. சர்க்குலர் கீ ரயில் நிலையத்தில் இறங்கி, தண்ணீர் ஓரமாகவே பத்து நிமிஷம் நடந்தால் முன்முற்றம். படியேறிக் கூரைகளின் அடிவாரம் வரை போகலாம், கட்டடத்தைச் சுற்றி வரலாம், டிக்கெட் விற்கும் கூடத்துக்குள் போய் உட்காரலாம், கழிப்பறை உண்டு. இசை அரங்குகளுக்கும் மேல்தளக் கூடங்களுக்கும் மட்டும் டிக்கெட் இல்லாமல் போக முடியாது.

இதை நல்லபடியாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. நம் ஆட்கள் பெரும்பாலும் பாரமட்டா, வெஸ்ட்மீட் பக்கம் இருக்கிறார்கள். பாரமட்டாவிலிருந்து ஆற்றிலேயே பெர்ரி படகு சர்க்குலர் கீ வரை வருகிறது. ரயிலைவிட நேரம் அதிகம் ஆகும், ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி. ஆனால் 1932-ல் திறந்த அந்தப் பெரிய இரும்புப் பாலத்தின் அடியில் படகு வந்து திரும்பும்போது, ஓபரா ஹவுஸ் தண்ணீர் மேல் நிற்பது முழுசாகத் தெரியும். கட்டடத்துக்கு நாலு பக்கமும் முகம் உண்டு, முதுகு என்று ஒன்று கிடையாது என்பது படகில் வந்தால்தான் புரியும். வெள்ளி, சனி, ஞாயிறில் பயணக் கட்டணத்துக்கு நாள் உச்சவரம்பு மற்ற நாட்களைவிடக் குறைவு, அந்த நாட்களில் போங்கள். அங்கே முதியோருக்கான சலுகை அட்டை உள்ளூர்க்காரர்களுக்குத்தான், நம்மைப் போல் பார்க்கப் போகிறவர்களுக்குக் கிடையாது.

மே கடைசியிலும் ஜூனிலும் நடக்கிற விவிட் விழா சமயத்தில் போனால், இருட்டிய பிறகு அந்த வெள்ளைக் கூரைகள் மேல் வண்ண ஒளிப்படங்கள் ஓடும். அதற்கும் காசு இல்லை. கூட்டம் மட்டும் தேரோட்டக் கூட்டம். கைக்குழந்தையோடு வேண்டாம்.

மறைந்த செலவுகள்: காரில் போனால் அந்தப் பகுதியில் பார்க்கிங் கட்டணம் கையைக் கடிக்கும். பசியோடு போனால் அங்கே இருக்கிற கடை விலையும் அப்படித்தான். நாங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போய், பக்கத்திலேயே இருக்கும் தாவரவியல் பூங்காவின் புல்தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தண்ணீர் ஓரத்தில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், கடற்பறவைகள் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகும். காற்றும் பலமாக அடிக்கும். ஜூலையில் சேலைக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை போதாது, காதையும் மூட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இங்கிருந்து பாக்கேஜ் டூரில் போகிறவர்கள், அட்டவணையில் 'ஓபரா ஹவுஸ்' என்று எழுதியிருந்தால் உள்ளே கூட்டிப் போவார்கள் என்று நம்பிவிடாதீர்கள். என் தங்கை குடும்பம் அப்படி நம்பித்தான் பணம் கட்டியது. பேருந்து தூரத்தில் நின்றது, இருபது நிமிஷம், போட்டோ, மறுபடி பேருந்து. கேட்டபோது "பார்க்கலாம் என்றுதானே போட்டிருக்கிறோம்" என்றாராம் டிராவல்ஸ்காரர். உள்ளே போகும் டிக்கெட் சேர்ந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம் இறுக்கம், கைக்குழந்தை, நேரம் குறைவு என்றால் இதுவே போதும். நான் முதல் முறை இப்படித்தான் பார்த்தேன், குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஊருக்கு வந்தபின் யாராவது "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "வெள்ளையா, பெருசா இருந்துச்சு" என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

## ஒரு மணி நேரச் சுற்று

ஆளுக்குச் சில பத்து டாலர். நம் ரூபாயில் பெருக்கினால் இரண்டாயிரத்துக்கு மேல் போகும். பெருக்காமல் இருக்க நம்மால் முடியாது, எனக்குத் தெரியும். அன்றன்றைய விலையை அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் பல தடவை புறப்படுகிறது.

மொழிப் பிரச்சினைக்கு நான் செய்தது இது: முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கட்டடத்தின் கதையை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மறுநாள் வழிகாட்டிப் பெண் பேசப் பேச, அம்மா கண்ணால் சரிபார்த்துக்கொண்டே வந்தார்கள். அதே கதையை இங்கே எழுதுகிறேன். கூட்டிப் போகிறவர்கள் முந்தின நாள் வாசித்துக் காட்டலாம்.

முன்பு டிராம் வண்டிகள் நிறுத்தி வைத்திருந்த ஒரு நிலமுனை அது. அங்கே ஓர் இசைக்கூடம் கட்ட உலகம் முழுக்கப் போட்டி வைத்தார்கள். 233 வரைபடங்கள் வந்தன. 1957-ல் ஜெயித்தவர் ஜோர்ன் உட்சன் என்ற டென்மார்க்காரர், வயது 38. பெரிதாக அதற்கு முன் எதுவும் கட்டியவர் இல்லை. காற்றில் உப்பிய பாய்களைப் போல் கூரை வரைந்திருந்தார். வரைந்துவிட்டார், அதை எப்படிக் கட்டுவது என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு கூரையும் ஒவ்வொரு வளைவு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அச்சு செய்து கான்கிரீட் ஊற்றினால் காசும் காலமும் கட்டுப்படி ஆகாது. பொறியாளர்கள் வருஷக்கணக்காகக் கணக்குப் போட்டார்கள். 1961-ல் விடை கிடைத்தது: எல்லாக் கூரைகளையும் ஒரே உருண்டையிலிருந்து வெட்டி எடுத்ததாக வைத்துக்கொள்வது. 75 மீட்டர் ஆரம் உள்ள ஒரே கோளம்.

முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்த இடத்தில் நிற்காமல் போக மனசு வராது. ஒரு சாத்துக்குடியை எடுத்துத் தோலைக் கீறி, பெரிசும் சிறிசுமாகச் சில துண்டுகள் உரியுங்கள். துண்டுகளின் அளவு வேறு, உருவம் வேறு. ஆனால் எந்தத் துண்டைத் திரும்ப வைத்தாலும் பழத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் வளைவு ஒன்றுதான். வளைவு ஒன்றானால் அச்சும் ஒன்றே போதும், திரும்பத் திரும்ப ஊற்றலாம். அப்படி ஊற்றிய 2,194 கான்கிரீட் துண்டுகளைத்தான் கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இதைச் சாப்பாட்டு மேஜையில் பழத்தை உரித்தே காட்டினேன். மறுநாள் கூரையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "அந்தா, அது சின்னத் தோலு" என்று கையை நீட்டினார்கள்.

பணக் கதையும் உண்டு. 70 லட்சம் டாலரில், நாலு வருஷத்தில் முடியும் என்று தொடங்கியது, 10 கோடியே 20 லட்சம் டாலரில், 14 வருஷத்தில் முடிந்தது. பெரும்பகுதி லாட்டரிச் சீட்டு விற்ற பணம். இதைச் சொன்னதும் அம்மா, "விழுந்தா வீட்டுக்கு, விழாட்டி நாட்டுக்கு" என்று நம் தமிழ்நாடு அரசுப் பரிசுச்சீட்டு வாசகத்தை எடுத்துவிட்டார்கள். கட்டட வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1960-ல், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் அங்கே வந்து தொழிலாளர்களுக்கு நடுவில் நின்று பாடினார். அந்த இடத்தில் நடந்த முதல் கச்சேரி கேட்டவர்கள் சித்தாளும் கொத்தனாரும்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிறகு ஆட்சி மாறியது. புது அமைச்சருக்கும் உட்சனுக்கும் செலவிலும் வடிவத்திலும் ஒத்துப்போகவில்லை. அவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நிறுத்தி வைத்தார்கள். 1966-ல் அவர் வேலையை விட்டுவிட்டு நாட்டை விட்டே போனார். அப்போது கூரை எழும்பிவிட்டது, உள்வேலை மிச்சம். அதை வேறு கட்டடக் கலைஞர்கள் முடித்தார்கள். 1973 அக்டோபர் 20-ல் எலிசபெத் ராணி திறந்து வைத்தார். உட்சன் வரவில்லை. பின்னால் சமாதானம் ஆகி, 2004-ல் அவர் வடிவமைத்தபடியே உள்ளே ஓர் அறையைச் செய்து அவர் பெயரையே வைத்தார்கள். 2007-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2008-ல் உட்சன் இறந்துபோனார். கட்டி முடித்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை.

சுற்றில் ஓடுகளைக் கையால் தொட்டுப் பார்க்க விடுவார்கள். தூரத்திலிருந்து ஒரே வெள்ளையாகத் தெரிகிற கூரையில் இரண்டு வகை ஓடு இருக்கிறது. ஒன்று பளபளப்பான வெள்ளை, இன்னொன்று மங்கலான பாலாடை நிறம். மொத்தம் 10 லட்சத்துக்கு மேல், சுவீடனில் சுட்டுக் கொண்டுவந்தவை. முழுக்கப் பளபளப்பாக இருந்திருந்தால் அந்த வெயிலில் கண் கூசும், முழுக்க மங்கலாக இருந்திருந்தால் செத்த வெள்ளையாகக் கிடக்கும். அம்மா உள்ளங்கையை ஒரு ஓட்டின் மேல் வைத்து அப்படியே நின்றார்கள். வெயிலில் சூடாக இருந்தது. கண்ணாடி போல் வழவழப்பு இல்லை. மெருகுக்கு அடியில் சின்னச் சின்ன மேடு பள்ளம், நல்ல மண்சட்டியின் அடிப்பக்கம் போல். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமலே கேட்டார்கள்: "ஏளா, கெட்டுனவன் ஒரு தடவைகூட வந்து பாக்கலியா?"

இல்லை என்றேன்.

"யாரும் போயிக் கூப்பிடலியா?"

அந்த ஒரு கேள்விக்காகவே நான் கொடுத்த டிக்கெட் பணம் சரியாகிவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் படிகள் நிறைய, நூற்றுக்கணக்கில். முட்டுவலிக்காரர்களுக்கு லிப்ட் வழியாகவே போகும் தனிச் சுற்று இருக்கிறது. வழக்கமான சுற்றுக்குப் பணம் கட்டிவிட்டு வாசலில் போய்ச் சொன்னால் நடக்காது, முன்பதிவு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, அது வேலை நடக்கும் இடம். ஒத்திகையோ மேடை அமைப்போ நடந்தால் அந்த அரங்குக்குள் விடமாட்டார்கள், அல்லது போட்டோ எடுக்கக் கூடாது என்பார்கள். எந்த அரங்கு திறந்திருக்கும் என்று யாரும் முன்கூட்டி உறுதி தருவதில்லை. மூன்றாவது, பெரிய பைகளை வெளியே ஒப்படைக்க வேண்டும். பேரப்பிள்ளைக்கான மூட்டையோடு போகாதீர்கள்.

ஐந்து, ஆறு வயசுப் பிள்ளைகள் முதல் கால் மணி நேரம் நன்றாகவே இருப்பார்கள். பிறகு நாற்காலியில் ஏறிக் குதிக்கத் தோன்றும், அது முடியாது.

## மேடைக்குப் பின்னால் போகும் நீண்ட சுற்று

காலை ஏழு மணிக்குத் தொடங்கி இரண்டரை மணி நேரம், காலை உணவோடு. கலைஞர்கள் ஒப்பனை செய்யும் அறை, மேடையின் அடிப்பகுதி, வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம் எல்லாம் பார்க்கலாம். விலை பல மடங்கு. சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. படிகள் இன்னும் அதிகம். மேற்குப் புறநகரிலிருந்து ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். நாடகத்திலோ மேடை வேலையிலோ ஊறினவர்களுக்கு, வில்லுப்பாட்டு, கூத்துக் குழு வைத்திருக்கிறவர்களுக்கு, நான் இதைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்கு வேண்டாம். நான் போகவில்லை. போய்விட்டு வந்த மருமகன் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

## கச்சேரிக்கே போவது

ஓபரா ஹவுஸ் என்று பெயர் இருந்தாலும் உள்ளே பல அரங்குகள். பெரியது இசைக்கச்சேரி அரங்கு, இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் மேல்நாட்டு நாடகம், அதில் நடப்பதில்லை, சின்ன அரங்கில்தான் நடக்கிறது. முதலில் பெரிய அரங்கில் இரண்டும் நடக்கும்படி திட்டமிட்டு மேடை எந்திரங்களையும் மாட்டினார்கள். உட்சன் போன பிறகு அதைக் கச்சேரிக்கு மட்டும் என்று மாற்றி, மாட்டியதைக் கழற்றி எறிந்தார்கள். டிக்கெட் வாங்கும்போது எந்த அரங்கு என்று பாருங்கள். பெரிய அரங்கில் ஒரு முழு வாத்தியக்குழுவைக் கேட்கத்தான் நான் சொல்வேன். ஓபராவில் கதை புரிய வேண்டும், மேலே ஓடும் எழுத்து இங்கிலீஷில் ஓடும்.

நாங்கள் போனது சிட்னி சிம்பொனி குழுவின் மதியக் கச்சேரி. வயசானவர்களைக் கூட்டிப் போவதென்றால் மதியம்தான் சரி, இருட்டுமுன் வீடு திரும்பலாம். விலைக்கு ஒரு வழி சொல்கிறேன். மேடைக்குப் பின்புறமும் நாற்காலி வரிசைகள் உண்டு. சில கச்சேரிகளுக்கு அவற்றை விற்பார்கள், மலிவாகக் கிடைக்கும். வாத்தியக்காரர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், ஆனால் கை அசைத்து நடத்துகிறவரின் முகம் நமக்கு நேரே தெரியும். அம்மா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். எல்லா வாத்தியமும் அடங்கி ஒரே ஒரு புல்லாங்குழல் மட்டும் நின்றது. ஊதுகிறாரா மூச்சு விடுகிறாரா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாக. அம்மா என் பக்கம் குனிந்து, "மைக்கு எங்க வச்சிருக்கான்?" என்று கேட்டார்கள். மைக் இல்லை என்றேன். "பொறவு எப்பிடிக் கேக்கு?"

மேலே காட்டினேன். அடர்ந்த ரோஜா நிறத்தில் பெரிய இதழ்கள் கூரையிலிருந்து தொங்கும், மொத்தம் 18. சுற்றில் அதைப் பார்த்திருந்தோம். மேடைக்கு மேல் அந்த அரங்கின் கூரை 25 மீட்டர் உயரம். சத்தம் மேலே போய்த் தாமதமாகத் திரும்பும். வாத்தியக்காரர்களுக்கு ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது திறந்த நாளிலிருந்தே இருந்த குறை. மேடைக்கு மேல் பிளாஸ்டிக் வளையங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள், போதவில்லை. 2020-ல் அரங்கை மூடி, இந்த இதழ்களை மாட்டி, சுவர்களையும் சரிசெய்து 2022-ல் திறந்தார்கள். சத்தம் இதழில் பட்டு உடனே கீழே திரும்புகிறது, வாசிப்பவருக்கும் நமக்கும். நம் ஊரில் நாதஸ்வரம் திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். கோயில் வீதியில் நின்று ஊதினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். புல்லாங்குழலும் வயலினும் அப்படி இல்லை, அவற்றுக்குக் கூடமும் ஒரு பக்கவாத்தியம். அதைக் காலி அரங்கில் நின்று எவ்வளவு விளக்கினாலும் காது நம்பாது.

கச்சேரிக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. நேரத்துக்குக் கதவை மூடிவிடுவார்கள். தாமதமானால் இடைவெளி வரும்வரை வெளியேதான் நிற்க வேண்டும். வார இறுதியில் ரயில்பாதை வேலை என்று ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவது சிட்னியில் அடிக்கடி நடக்கும், அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். நம் சபாவில் செய்வது போல் தாளம் போடுவது, 'பேஷ்' சொல்வது, நடுவில் எழுந்து காப்பிக்குப் போவது எதுவும் அங்கே இல்லை. ஒரு பகுதி முடிந்து அமைதி வந்ததும் கைதட்டத் தோன்றும், மற்றவர்கள் தட்டும்வரை பொறுங்கள். இருமல் இருந்தால் வாயில் ஒரு மிட்டாய், காகிதத்தை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சேலை, வேட்டி எதுவும் கட்டிப் போகலாம், உடைக்கு விதி இல்லை. இணையத்தில் வாங்கினால் முன்பதிவுக் கட்டணம் தனியாகச் சேரும். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார முடியாதவர்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகாதீர்கள், அவர்களுக்கும் துன்பம், உங்களுக்கும் துன்பம்.

இன்னொன்று. இருட்டான அரங்கில் கட்டடத்தைப் பார்க்க முடியாது. கச்சேரி டிக்கெட்டில் கதையும் வராது, தொட்டுப் பார்க்க ஓடும் வராது. இடைவேளையில் வடக்குப் பக்கக் கூடத்தில் நின்று கண்ணாடி வழியே துறைமுகத்தைப் பார்க்கலாம், அது மட்டும் உபரி.

## யார் எங்கே போவது

முதல் முறை போகிறவர், உள்ளே போக ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் என்றால் ஒரு மணி நேரச் சுற்றை எடுங்கள். கதையை முந்தின ராத்திரி தமிழில் கேட்டுவிட்டுப் போங்கள். மொழி தெரியாதவருக்கும் இதைத்தான் சொல்வேன். கதை தெரிந்தால் பாதி இங்கிலீஷ் தானே புரியும்.

வள்ளியூர்க்காரர்களுக்கு: உங்கள் கணக்கு டிக்கெட்டில் இடிக்கவில்லை, மகன் போடும் லீவில் இடிக்கிறது. சனி அல்லது ஞாயிறு போங்கள், ரயிலில் போங்கள், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். மிச்சமாகிற பணமே ஒருவருடைய டிக்கெட்டைத் தாங்கிவிடும். அப்படியும் இடித்தால் படகில் வந்து வெளியே சுற்றிவிட்டுத் திரும்புங்கள். அரைகுறையாக ஒருவர் மட்டும் உள்ளே போய் மற்றவர் வாசலில் காத்திருப்பது மட்டும் வேண்டாம். எங்கள் பக்கம் காத்திருப்பது எப்போதும் அம்மாவாகத்தான் இருக்கிறார்கள்.

சங்கீதம் கேட்டுக் கேட்டுக் காது பழகினவர்களுக்கு என் பதில் வேறு. அவர்கள் கச்சேரிக்குப் போக வேண்டும். சுற்றைக்கூட விட்டுவிடலாம். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு ஒரு வாத்தியத்தின் மூச்சு எங்கே முடிகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டுக்கும் பணமும் நாளும் இருந்தால் சுற்று முதலில், கச்சேரி சில நாள் கழித்து. ஒரே நாளில் இரண்டையும் வைக்காதீர்கள், வயசானவர்கள் களைத்துப் போவார்கள்.

அம்பாசமுத்திரத்து மாணவிக்கு நான் போட்டுக் கொடுத்தது இப்படி: ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பாரமட்டாவிலிருந்து படகில் வருவது. மாமியாரும் அவளும் லிப்ட் வழிச் சுற்றுக்கு. அந்த ஒரு மணி நேரம் பையன் அவன் அப்பாவோடு பூங்காவில் ஓடட்டும். மாமனார் அன்று வெளியே சுற்றிப் பார்த்தால் போதும். அவருக்கு வேறொரு நாள், மகனோடு, மதியக் கச்சேரி, மேடைக்குப் பின்வரிசை. அவள் நேற்று போன் செய்தாள். மாமனார் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாராம், தவுல் போல் ஏதாவது இருக்குமா என்று. பின்வரிசை எடுத்தால் பெரிய முரசுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.